வாடகைப் படம், சொந்தப் படம்

“நம்ம வாசகசாலைக்கு நான்தான் காரியதரிசி,” என்றான் சதாசிவம்.

“அப்படின்னா என்ன வேலைங்க?”

“புத்தகம் வாங்கணும். யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு எழுதி வைக்கணும். திருப்பிக் குடுக்காதவங்க வீட்டுக்குப் போய் நிக்கணும். இப்போ படம் காட்டற மெஷின் வேற வந்திருக்கு. கையால சுத்தறது. அதையும் நான்தான் சுத்தறேன்.”

“பொம்பளைங்க பாக்கலாமா?”

“ஏன் பாக்கக்கூடாது? முதநாள் ஆம்பளைங்களுக்கு, மறுநாள் பொம்பளைங்களுக்கு.”

“புத்தகமும் எடுக்கலாமா?”

“அது அங்கத்தினருக்கு மட்டும். அங்கத்தினர்னா ஆம்பளைங்கதான். உனக்கு எது வேணும்னு சொல்லு, என் பேர்ல எடுத்துட்டு வந்து தர்றேன்.”

கல்யாணம் முடிந்து ஜொகூர் பாருவிலிருந்து லாயாங் லாயாங்குக்கு வந்த ரயிலில் நடந்த பேச்சு இது. கிருஷ்ணம்மாவுக்கு அது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள் அவள். என் பேரையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று கேட்க அப்போதே வாய் வரை வந்துவிட்டது. எதிர் இருக்கையில் அவனுடைய சித்தப்பா உட்கார்ந்திருந்தார். புது மருமகள் வந்த அன்றே வழக்கடிக்கிறாள் என்று பேராகிவிடும். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டாள்.

புத்தகங்கள் சொன்னபடி வீட்டுக்கு வந்தன. சதாசிவம் ஸ்டேஷனில் கிளார்க். வேலை முடிந்து வரும்போது கக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கும். அவள் கேட்டது அலமாரியில் இல்லையென்றால் தானாகவே வேறொன்றை எடுத்து வருவான். பெரும்பாலும் அது அவளுக்குப் பிடித்துவிடும். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் படத்தைக் கக்கத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே.

படம் சிங்கப்பூர் வியாபாரி ஒருவரிடமிருந்து வாடகைக்கு வந்தது. பெட்டி அவர் கடையை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்தே வாடகை ஓடத் தொடங்கும். சனிக்கிழமை மத்தியான ரயிலில் வரும் பெட்டி திங்கட்கிழமை காலை ரயிலில் திரும்ப ஏறியாக வேண்டும். சனி இரவு ஆண்களுக்கு, ஞாயிறு இரவு பெண்களுக்கு. சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நடப்பில், பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் ஆண்களின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும். பெண்களின் ஆட்டம் காணாமல் போகும். பெட்டி நேரத்துக்கு வந்துவிட்டாலும் பாட்டரித் தொல்லை இருந்தது. மெஷின் விளக்கு எரிவது சரக்குக்கடை சிக்கந்தரின் லாரி பாட்டரியில். சனிக்கிழமை இரவு கத்திச்சண்டை வரும் இடத்தில் ஆண்கள் கைதட்டுவார்கள். மறுபடி போடு என்பார்கள். சதாசிவம் சுருளைப் பின்னால் சுற்றி மறுபடி போடுவான். ஆட்டம் முடிவதற்குள் பாட்டரி செத்துவிடும். அதற்கு உயிர் கொடுக்கும் பட்டறை குளுவாங்கில். ஞாயிற்றுக்கிழமை அது திறப்பதில்லை.

“இந்த வாட்டியும் இல்லையா?” என்று கேட்பாள் கிருஷ்ணம்மா.

“அடுத்த மாசம் கண்டிப்பா. கதையை நான் சொல்றேன் கேளு.”

அவன் கதை சொல்வதைக் கேட்க வேண்டுமே. “ராஜா காட்டுக்குப் போறாரு. அந்த இடத்துலதான் பிலிம் அறுந்துச்சு. ஒட்டிப் போட்டேன். அப்புறம் ரெண்டாவது சுருள். பாதியில விளக்கு மங்கிச்சு. மூணாவது சுருள் நல்லா ஓடுச்சு.”

“ராணி என்ன ஆனா?”

“ராணி...” அவன் யோசிப்பான். “இருந்தா. கடைசியிலகூட இருந்தா.”

படத்தை அவன் பார்ப்பதே இல்லை, மெஷினைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவள் மட்டும் அங்கே இருந்தால் ஒரு காட்சி விட்டிருக்க மாட்டாள். ஊமைப்படம் அல்லவா, நடுநடுவே எழுத்து வரும். ஆண்கள் ஆட்டத்தில் அதைச் சிக்கந்தர் உரக்கப் படிப்பார். பெண்கள் ஆட்டத்தில் நீதான் படிக்க வேண்டும் என்று சதாசிவம் சொல்லியிருந்தான். அதற்காகவே அவள் சமையல்கட்டில் பழைய பத்திரிகையை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பழகியிருந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பேச்சியம்மாள், ரயில்வே பாயிண்ட்ஸ்மேனின் மனைவி, ஒருநாள் எட்டிப்பார்த்து, “யாரைத் திட்டறே?” என்று கேட்டாள்.

சிங்கப்பூரில் பேசும் படங்கள் ஓடத் தொடங்கிய பிறகு வியாபாரியிடமிருந்து ஒரு தகவல் வந்தது. ஊமைப்படங்களை இனி வாடகைக்கு விடுவதை விட விற்றுவிட நினைக்கிறாராம். கமிட்டி கூடியது. வாசகசாலைக் கூரை ஒழுகியதால் காரியதரிசி வீட்டு வராந்தாவில் கூடியது. கிருஷ்ணம்மா கோப்பி கலந்து கொண்டுவந்தாள்.

தலைவர் அய்யாவு தோட்டத்தில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. “வாடகைன்னா மாசம் ஒரு புதுப் படம். சொந்தம்னா வருஷம் பூரா அதே மூஞ்சி,” என்றார். “அவன் விக்க முடியாத சரக்கை நம்ம தலையில கட்டறான்.”

“புதுசு வருது, சரி. எங்கே தங்குது?” என்றார் சிக்கந்தர். “கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி வந்த ரயில்லயே திரும்பப் பாக்குது. தாமதமாச்சுன்னா அபராதம் வேற. அலமாக், அட ஆண்டவனே, என் பாட்டரிக்கும் ஓய்வில்ல.”

“கண்டதை வாங்கி அடுக்க இது என்ன பாய், உங்க கடையா?”

“என் கடைன்னா லாபமில்லாம ஒரு சாமானும் உள்ள வராது, கிராணியாரே. இது வாசகசாலை. இங்கே வர்றது தங்கணும். புத்தகத்தை வாடகைக்கா வாங்கி வச்சிருக்கோம்?”

சதாசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டான். “பேசற படம் நம்ம மெஷின்ல ஓடாதுங்க. ஓடறது இதுதான். இப்போ விட்டா அப்புறம் வாடகைக்குக்கூட கிடைக்காது. அதோட...” தட்டோடு நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்தான். “பொம்பளைங்க ஆட்டம் ஒண்ணுகூட நடக்க மாட்டேங்குது. சொந்தமா இருந்தா நம்ம இஷ்டத்துக்கு நாள் வச்சுக்கலாம்.”

கிருஷ்ணம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தனக்காகத்தான் பேசுகிறான். அன்று அவன் டம்ளரில் சீனி ஒரு கரண்டி கூடவே விழுந்திருந்தது. தெரிந்திருந்தால் இன்னொரு கரண்டியும் போட்டிருப்பாள்.

சிறிது நேரத்தில் அய்யாவு இறங்கி வந்தார். வாங்குவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்று கேட்டபோது எல்லாருடைய கையும் கத்திச்சண்டைப் படத்துக்கே உயர்ந்தது. ஏற்கனவே வாடகைக்கு எடுத்து, மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்த படம். தங்களுக்குத் தெரிந்த படத்தையே ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. எந்தப் படமாக இருந்தால் என்ன? அவளுக்கு எல்லாமே புதுப் படம்.

படம் வந்தது. இந்த முறை திரும்பிப்போகாத பெட்டி. சதாசிவம் அதைத் துடைத்து, புத்தகங்களுக்கு ஒட்டுவது போலவே எண் எழுதிய காகிதத்தை ஒட்டி, புத்தகப் பட்டியலில் கடைசிப் புத்தகத்துக்குக் கீழே ஏற்றினான். வாசகசாலைக்கு எது வந்தாலும் அப்படி ஏற்றித்தான் பழக்கம். அலமாரியில் அகராதிக்குப் பக்கத்தில் பெட்டி உட்கார்ந்தது.

“எப்போங்க வைக்கலாம்?”

“வைக்கலாம் இரு. இனி எங்கே ஓடிப்போகப்போகுது?”

முதலில் தலைவருக்கு நாள் சரிப்படவில்லை. பிறகு மழை. பிறகு கூரையைச் சரி செய்துவிடலாம் என்றார்கள். வாடகைப் படத்துக்காவது திங்கட்கிழமை என்று ஒரு கெடு இருந்தது, கெடுவுக்குப் பயந்து ஓடினார்கள். இதற்கு எந்தக் கெடுவும் இல்லை. அவசரப்பட வேண்டிய காரணம் ஒருவருக்கும் இல்லை, அவளைத் தவிர.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. கிருஷ்ணம்மா குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொன்னாள். பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் பாயும் பிள்ளைகளுமாக வாசகசாலை முன்னால் கூடினார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வெள்ளையம்மா வெகுதூரம் நடந்து வந்திருந்தாள். ரப்பர் பால் எடுக்க வெட்டுக்காட்டுக்கு விடியுமுன் எழுந்து போகிறவள். முகம் கழுவி, வேலைக்குக் கட்டும் சாயவேட்டியை மாற்றி, புடவை கட்டி வந்திருந்தாள்.

சதாசிவம் உள்ளேயிருந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“படம் இல்ல. சின்னத்தம்பி எடுத்துட்டுப் போயிருக்காரு. யோங் பெங் தோட்டத்துக்கு. தோட்டங்கள்ல மெஷின் இருக்கு, படம்தான் இல்ல.”

“எடுத்துட்டுப் போனாரா?” என்றாள் கிருஷ்ணம்மா. “யாரைக் கேட்டு?”

“அவர் அங்கத்தினர். பட்டியல்ல இருக்கற எதையும் அங்கத்தினர் ரெண்டு வாரத்துக்கு எடுத்துட்டுப் போலாம். புத்தகம்னு நினைச்சுப் போட்ட விதி. நான்தானே இதையும் பட்டியல்ல ஏத்தினேன். மத்தியானம் நான் டூட்டியில இருந்தப்போ தலைவர்கிட்ட சாவி வாங்கியிருக்காரு.”

பேச்சியம்மாள் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“பரவால்லங்க, செக்ரட்டரி. மெஷினையாவது வெளியே கொண்டாங்க. அதைப் பாத்துட்டுப் போறோம்.”

பெண்கள் சிரித்தார்கள். வெள்ளையம்மா சிரிக்கவில்லை. விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்று முதல் ஆளாகக் கிளம்பினாள்.

வீட்டில் சதாசிவம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். “பட்டியல்லேர்ந்து எடுத்துடணும்னு சொல்லிப் பாத்தேன். தலைவர் ஒத்துக்கல. சொந்தப் படம் வாங்கினதே அங்கத்தினருக்குப் பயன்படத்தான்ங்கறாரு. வரிசையா நாலு பேரு கேட்டு வச்சிருக்காங்க. ஒரு தோட்டத்துல கல்யாணம், ஒரு தோட்டத்துல திருவிழா.”

“அப்போ நம்ம வரிசை?”

“வரும்.”

“வரிசையில நாங்க நிக்கவே இல்லையே. எப்படிங்க வரும்?”

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். அவளும் அதற்கு மேல் போகவில்லை. தொண்டையில் நின்ற மிச்சத்தை, அவன் முகத்தில் தெரிந்த களைப்பைப் பார்த்து, எச்சில் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தன் மேலேயே அவளுக்குக் கோபமாக வந்தது. ஒவ்வொரு முறையும் அவனுக்காகத்தான் விழுங்குகிறாள். அவனுக்கோ அப்படி ஒன்று விழுங்கப்படுகிறது என்றே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை நேரம், சிக்கந்தரின் லாரி யோங் பெங்கிலிருந்து திரும்பியது. பெட்டியை வாசகசாலையில் இறக்காமல் நேரே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பேச்சியம்மாள் வந்து சொன்னாள். “குளுவாங் ரயில்ல ஏத்தறாங்களாம். கிராணியாரு நிக்கறாரு.”

கிருஷ்ணம்மா அடுப்பில் கொதித்த உலையை இறக்கி வைத்தாள். ஸ்டேஷனுக்கு அவள் போனால் சாப்பாட்டுக் கேரியர் கையில் இருக்கும். இன்று வெறுங்கையோடு போனாள்.

பிளாட்பாரத்தில் பெட்டி இருந்தது. ஒட்டிய காகிதம் பாதி கிழிந்திருந்தது. பக்கத்தில் அய்யாவு குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். சிக்கந்தர் பெட்டி மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சதாசிவம் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பேனா நின்றது.

“என்னாச்சு? வீட்டுல ஏதாவது...”

“வீட்டுல ஒண்ணுமில்லங்க. படம் எங்கே போகுது?”

அய்யாவு புன்னகையோடு திரும்பினார். “குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கும்மா. அங்கே ஆஸ்பத்திரி டிரெசர் அர்ச்சுனன் நம்ம அங்கத்தினர். தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டிருக்காரு.”

“அடுத்தது எங்களுக்குங்களா?”

“அடுத்தது மூணு பேரு சொல்லி வச்சிருக்காங்க. ஏம்மா விசனப்படறே? வாடகைப் படமா, போனா வராம இருக்க? நம்ம சொத்து. சுத்திட்டு இங்கேதான் வரும்.”

“அதுக்குள்ள தேஞ்சு போயிடும் லா, கிராணியாரே,” என்றார் சிக்கந்தர். “கத்திச்சண்டையில இப்பவே ரெண்டு பேரும் மழையில சண்டை போடற மாதிரி கோடு விழுந்திருக்கு.”

“நீங்க சும்மா இருங்க பாய்.”

“நம்ம சொத்துன்னா யாரோட சொத்துங்க?” என்று கேட்டாள் கிருஷ்ணம்மா.

அய்யாவுக்குப் புன்னகை குறைந்தது. “அங்கத்தினர் எல்லாரோடதும்.”

“அங்கத்தினர் கேட்டா குடுத்துத்தானே ஆகணும்?”

“அது விதி. விதியை உன் வீட்டுக்காரரே எழுதினாரு. அவரையே கேளேன்.”

சதாசிவம் எழுந்து வந்தான். தலைவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “கிருஷ்ணம்மா, வீட்டுக்குப் போ. மத்தியானம் வந்து பேசறேன்,” என்றான் மெதுவாக. அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அந்தக் குரல் போதும் அவளைத் திருப்பி அனுப்ப. எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறது.

தெற்கிலிருந்து ரயிலின் புகை தெரிந்தது. போர்ட்டர் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் அவனிடம். அவன் நிமிர்ந்து சதாசிவத்தைப் பார்த்தான். சதாசிவம் எதுவும் சொல்லாததால் கையை எடுத்துக்கொண்டான்.

கிருஷ்ணம்மா தலைவர் பக்கம் திரும்பவில்லை. கேட்க வேண்டியது அவரிடம் அல்ல. கணவனைப் பார்த்தாள்.

“நீங்க எனக்குக் குறை வச்சதில்லங்க. கேட்ட புத்தகமெல்லாம் கொண்டாந்து குடுத்தீங்க. இது வேற. என்னை வாசகசாலையில அங்கத்தினரா சேத்துக்குங்க. உங்க சம்சாரம்னு எழுத வேணாம். என் பேரை எழுதுங்க.”