ஏழு ‘பி’யின் லீவ் லெட்டர்

ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு மொத்தமே ஒரு லீவ் லெட்டர்தான். அது ஆன்லைனில் இருந்தது. யாரும் எங்கிருந்தும் திறந்து எழுதலாம். அதில் ஏறாத காய்ச்சல் பள்ளிக்கூடத்தில் செல்லாது.

காலை ஆறு மணிக்கு மாடத்தி தன் மகள் கயல்கொடியின் கக்கத்திலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். 103. மூன்று நாளாக மாத்திரைக்கும் மசியவில்லை, ஊசிக்கும் மசியவில்லை. சரி, லெட்டரிலாவது ஏற்றுவோம் என்று போனைத் திறந்தாள்.

மாடத்திக்கு உப்பளத்தில் வேலை. எழுத்துக் கூட்டப் பழகி ஒரு வருஷம்தான். ஒற்றை விரலால் ‘என் மகளுக்கு’ என்று அடிப்பதற்குள், பெயர் போட்ட கலர் கோடுகள் லெட்டருக்குள் ஓடி வந்தன. நாற்பத்திரண்டு. வகுப்பின் மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும்.

“அத்தை, முதல்ல ‘மதிப்பிற்குரிய’ போடணும்.” இது பச்சைக் கோடு, ரூபன்.

“காய்ச்சல் எவ்ளோ அத்தை?” இது ஊதா, பெனாசிர்.

“நூத்தி மூணு தாயி.”

“எனக்கு ஒரு புள்ளி குடுங்க.”

பெனாசிர் தன் பெயரை எழுதினாள். தெர்மாமீட்டர் 102.9 காட்டியது.

பெயர்கள் மளமளவென்று ஏறின. காய்ச்சல் இறங்கியது. எஸ்தர் டீச்சர் ஓரத்தில் எழுதினார்.

“ரூபன், ரெண்டு தடவை பேர் போட்டிருக்க. ஆளுக்கு ஒரு புள்ளிதான். பந்தியிலயும் இப்படித்தான் ரெண்டு இலை போடுவியா?”

“கயல் எனக்கு முன் பெஞ்ச், டீச்சர்.”

“அதெல்லாம் காரணம் இல்ல.”

ரூபன் ஒன்றை அழித்தான். ஒரு புள்ளி கூடியது.

“டீச்சர், எனக்கு இன்னைக்குக் கபடி. சாயங்காலம் திருப்பிக் குடுக்கலாமா?” என்றது மஞ்சள்.

“ஏறினா ஏறினதுதான்.”

மஞ்சள் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியது.

கடைசிப் பிள்ளையும் எழுதியபோது 98.8.

“எல்லாருக்கும் லீவுன்னா நான் யாருக்குப் பாடம் நடத்த?” என்று டீச்சர் கேட்டார். அவரும் தன் பெயரை எழுதினார். 98.7.

“இன்னும் ஒரு புள்ளி நிக்குது. பெற்றோர் கையெழுத்து. கைநாட்டு செல்லாதும்மா.”

மாடத்தி ‘மா’ போட்டாள். அடுத்த எழுத்தைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள். அதுவரை வரிக்கு வரி திருத்திய நாற்பத்திரண்டு கோடுகளும் அசையாமல் நின்றன. ஒன்றுகூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே எழுதி முடித்தாள்.

“யம்மா, பசிக்கி,” என்றாள் கயல்கொடி.

அவள் ஒருத்திக்குத்தான் லீவு இல்லை. யூனிபார்ம் மாட்டினாள்.

“வகுப்புல ஒருத்தரும் இருக்க மாட்டாங்களேம்மா.”

“அதுக்கென்னட்டி. போயி எல்லாருக்கும் ‘உள்ளேன்’ சொல்லிட்டு வா.”

மாடத்தி உப்பளத்துக்குப் போனாள். பாத்தியில் இறங்கும்போது கங்காணி அவள் முகத்தைப் பார்த்தார்.

“லேசா சுடுதாக்கும்? மாத்திரை இருக்கு, போடுதியா?”

“வேண்டாம்ணே, இருக்கட்டும்,” என்றாள். “இது என் பங்கு.”