கிண்ணக் காசு

இஸ்ரவேல் வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றிய ஏழு தங்கக் காசுகள் கிடந்தன. மகள் எஸ்தர்ராணியின் அம்மா இருந்தவரை காவல் அவளுடையது. அவள் டைபாய்டில் போனதும், எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எஸ்தர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். நின்றவள் நின்றவள்தான். கோயிலுக்குக்கூட அப்பாவும் மகளும் சேர்ந்து போனதில்லை. காலை ஆராதனைக்கு அவர், மாலை ஆராதனைக்கு அவள்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்தோடு சைப்ரஸ் தீவுக்குப் போன இஸ்ரவேல், அங்கே ஒரு கிழவரிடம் முதல் காசை வாங்கினார். கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து ஆண்ட பழைய ராஜாக்கள் அடித்த காசு. மற்றக் காசு போலத் தட்டையாக இராது. சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். மேடான புறத்தில் இயேசு சிங்காசனத்தில் வீற்றிருப்பார். குழிக்குள்ளே ராஜா சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஊர் திரும்பிப் பஞ்சு பாக்டரியில் சேர்ந்த பிறகும் தூத்துக்குடிக் கப்பல்காரர்களை நச்சரித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மனைவியின் வளையல் ஒரு காசாயிற்று. எஸ்தருக்கென்று வைத்திருந்த சங்கிலி இன்னொன்றாயிற்று.

கழுகுமலையிலிருந்து எபநேசருக்கு அவளைப் பெண் கேட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நகை வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்றுதான் கேட்டார்கள். "இவ போயிட்டா வீட்டுல யாரு இருப்பா? பருத்தி எடுத்து முடியட்டும்" என்பார் இஸ்ரவேல். பருத்தி எடுத்து, மறுபருத்தியும் எடுத்தாயிற்று. ஈஸ்டர் வரைக்கும்தான் பொறுப்போம், பிறகு வேறு பெண் பார்ப்போம் என்று எபநேசரின் அம்மா சொல்லியனுப்பிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கக் கட்டுப்பாடு வந்தது. நகையாக இல்லாத தங்கத்தைச் சர்க்காரிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இஸ்ரவேலுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி எஸ்தர், இதை ஆசாரிகிட்டக் கொண்டுபோயி கழுத்துல போடுத மாதிரி செஞ்சு வாங்கிட்டு வா. ஓட்டை போடப்படாது. விளிம்பைக் கவ்வி வளையம் வைக்கச் சொல்லு. நான் போனா, கட்டியா உருக்கப் போறாம்பானுவ சர்க்கார் ஆளுவ. பொம்பளப்பிள்ள போனா நகைன்னு விட்டுருவானுவ."

"அப்புறம் நான் போட்டுக்கிடணுமாப்பா?"

"பின்னே? எந்நேரமும் கழுத்துலயே கிடக்கணும்."

"கழுகுமலைக்காரவிய..."

"உன்னைக் கட்டிக் குடுத்தா காசும்லா கூடப் போயிரும்? அந்தப் பேச்சை விடு."

இத்தனை நாள் பானைக்குப் பக்கத்தில் இருந்தாள். இனிப் பானையே அவள்தான்.

துணைக்குப் பக்கத்து வீட்டுப் பாலம்மாள் வந்தாள். பூவனநாதன் ஆசாரி வேலையில்லாமல் பட்டறையில் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். "பதினாலு காரட்டுலதான் நகை செய்யணுமாம். அதுக்குப் பித்தளைக் கடை வைக்கலாம், தாயி" என்றபடி முடிச்சை அவிழ்த்தவர் திடுக்கிட்டுப்போனார்.

"அடப் பாவமே! வண்டிச் சக்கரம் ஏறிட்டா?"

"சக்கரம் ஏறுனது இவ மேல, அண்ணாச்சி" என்று பாலம்மாள் சிரித்தாள்.

அந்நியரிடம் பேச எஸ்தருக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஆசாரி கொடுக்கவில்லை. நெளிந்த காசில் அப்படியே வளையம் வைத்துக் கொடுத்தால் பார்க்கிறவர்கள் அவர் வேலையைக் கண்டல்லவா சிரிப்பார்கள்? முதல் காசைப் பட்டடைமேல் கவிழ்த்துவைத்து, மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். காசு தட்டையாகப் படிந்துவிட்டது. விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இயேசுவின் முகம் மழுங்கியிருந்தது.

எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன தாயி, சரியாத்தான வந்திருக்கு?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற ஆறும் தப்பிக்கும். அந்த ஆறையும் கழுத்தில் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்குள் போக வேண்டும். ஈஸ்டர் வரும், போகும். மழுங்கிய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆண்டவரே, மன்னியும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சரியா இருக்கு அண்ணாச்சி. மத்ததையும் நிமித்திருங்க."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த இஸ்ரவேல் மாலையைக் கையில் வாங்கினார். அவருடைய பெருவிரல் வழக்கம்போலக் குழியைத் தேடிப்போய் வழுக்கியது. இன்னொன்றைத் தடவினார். அப்புறம் இன்னொன்று. பழையபடி குழியுமா என்று, வெடித்த காசைக் கரண்டிக் குழியில் வைத்து அழுத்திப் பார்த்தார். வெடிப்பு ராஜாவின் கால்வரை ஓடியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவன் அடிக்கும்போது நீ எங்கட்டி இருந்த?"

"பக்கத்துலதான்."

"சொல்லலியா?"

"முதக் காசுக்கு வாய் வரலப்பா. மத்த ஆறும் நான் சொல்லித்தான் அடிச்சாரு."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். விழவில்லை. அவர் மாலையை அவள் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கோ. இது இனி யாரு வேணும்னாலும் போட்டுக்கிடுத நகைதான். கழுகுமலைக்காரவியளை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி, பாலம்மாகிட்டச் சொல்லிவிடு."

"அப்பா..."

"போ ஏட்டி."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் வாசல்படி இறங்கினாள். ஓட வேண்டும் போல இருந்தது. மாலையைக் கையில் பொத்திக்கொண்டு பாலம்மாள் வீட்டுக்கு மெல்ல நடந்தாள்.