இன்னாசியின் விதைக்கடலை

ஐந்து கண்ணாடித் தட்டுகளிலும் பூசணம் இல்லை. பூசணத்தை வளர்த்துப் பார்க்கும் அகார் கூழின்மேல் நிலக்கடலைப் பருப்புகள் போட்டபடியே சுத்தமாகக் கிடந்தன. சேதுலட்சுமி ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காது மடல் சுட்டது.

போன மாதம் இதே கடலையில் கறுப்பாகப் பூசணம் படர்ந்ததைப் பார்த்துத்தான், 'விதையில் நோய், விதைக்க உதவாது' என்று பண்ணை ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதிக் கொடுத்தாள். இலுப்பூர்ப் பக்கத்து விவசாயி இன்னாசியின் விதை. ஏதோ உறுத்தியதால் மிச்சமிருந்த கைப்பிடிக் கடலையைத் திரும்பப் போட்டிருந்தாள்.

முதல்முறை போட்ட அன்றைக்கு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாலரை மணி பஸ்ஸுக்கு அவசரம். பருப்பைக் கிருமி கொல்லும் பாதரசக் கரைசலில் நனைத்து, மூன்று தண்ணீரில் அலசிப் போட வேண்டும். நனைக்காமல், அலசாமல் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தோலில் ஒட்டிய மண்ணின் பூசணம்தான் வளர்ந்திருக்கிறது. விதைக்குள் நோயே இல்லை.

தட்டுகளைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. தொட்டிவரை எடுத்துப் போகவும் செய்தாள். குழாயைத் திறக்கக் கை வரவில்லை.

மறுநாள் காலை இன்னாசியின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். ஆடி மழையில் கொல்லைகளெல்லாம் கடலை முளைவிட்டிருந்தது. இன்னாசியின் கொல்லை உழுதபடியே கிடந்தது.

"வாங்கம்மா, இங்கிட்டு நெழல்ல உக்காருங்க," என்றார் இன்னாசி. அவர் மனைவி மரியாயி மோர் கொண்டுவந்தாள். "நீங்க மட்டும் சொல்லலேன்னா ஊரையே கெடுத்திருப்பேன். என்கிட்ட வெதை வாங்குன ஆறு வீட்டுக்கும் போயி மன்னிப்புக் கேட்டேன். அம்புட்டையும் செக்குல போட்டாச்சு."

சேதுலட்சுமி மோரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"ஒங்க வெதையில ஒண்ணுமில்லைங்க. நாந்தான் சரியா கழுவாமப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

மரியாயி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கெட்ட வெதை குடுத்தவருன்னு கோயில்ல இவரு பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறாங்களே தாயி."



இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எங்கிட்ட சொன்னத அந்த ஆறு வீட்டுலயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேங்க. ஆபீஸ்லயும் எழுதிக் குடுக்குறேன்."

முதல் வீட்டு முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவள், இன்னாசியைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவர் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். சேதுலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு வேலிப் படலைத் தள்ளினாள். அது ஈர மண்ணில் சிக்கி நின்றது. குனிந்து, இரண்டு கையாலும் தூக்கித் தள்ளினாள்.