லியாங் அண்ணி வீட்டுக் கோவேறு கழுதை

"கழுதையே இல்லைன்னு சாதிக்கிறியே, வெக்கமா இல்ல? உன் மகன் பல்லை விட கழுதைப் பல்லு வெளுப்புன்னு நீதானே ஊரெல்லாம் பீத்திக்கிட்ட!"

"பீத்திக்கிட்டேன்தான்டி! பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வந்தா வெறுங்கொட்டிலையா காட்டுவேன்? உன் கல்யாணத்துக்கு உன் மாமியா எத்தனை பானை இரவல் வாங்கினான்னு சொல்லட்டுமா?"

லியாங் அண்ணி குடுத்த பதிலுக்குக் கோயில் முத்தத்துல எல்லாரும் சிரிச்சாங்க. கோங் தேஷான் மட்டும் சிரிக்கல.

1947, சீனாவுல ஷான்ஷி மலையில ஒரு சின்ன ஊரு. சிவப்புப் படைக்காரங்க வந்து யார் ஏழை, யார் பணக்கார விவசாயின்னு பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. ஏழைன்னா நிலம் கிடைக்கும். பணக்காரன்னா இருக்கிறதும் போயிடும். போன மாசம் பெரிய வீட்டு நிலத்தைப் பிரிச்சுக் குடுத்ததுல இருந்து ஊரே அவங்க பக்கம்தான். காலமெல்லாம் குத்தகைக்கு உழுத சனம், சொந்த மண்ணை அள்ளி மோந்து பார்த்து அழுதுது.

கழுதை உண்மையில தேஷானோடது. பக்கத்து வீட்டு விதவையாச்சேன்னு அவ மகன் கல்யாணத்துக்கு இரவல் குடுத்தான். "நான்தான் அண்ணிக்கு வித்தேன்"னு பொண்ணு வீட்டுல பொய் வேற சொன்னான். மருமக முன்னாடி மானம் போகக்கூடாதுன்னு கழுதை அண்ணி வீட்டுலயே நின்னுது. பழைய அரசாங்கப் பட்டாளம் அங்க இருந்துதான் அதை ஓட்டிட்டுப் போச்சு. முன்னாடி கழுதை வச்சிருந்தாலே பணக்காரக் கணக்கு; அது தன்னோடதுன்னு தெரியாத வரைக்கும்தான் தேஷான் ஏழை.

"தம்பி, வாயைத் திறந்து சொல்லேன்" அப்படின்னா லியாங் அண்ணி.

"நான் வித்ததுதானே அண்ணி." தேஷான் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.



எழுத்து தெரியாத ஊருல ஓட்டுன்னா அவரைக் கொட்டைதான். அண்ணியைச் சுவரைப் பார்த்து நிக்க வச்சு, முதுகுக்குப் பின்னாடி ரெண்டு கிண்ணம் வச்சாங்க. மண் கிண்ணம் ஏழைக்கு, தகரக் கிண்ணம் பணக்காரனுக்கு. தேஷான் கொட்டை தகரத்துல 'டிங்'குன்னு விழுந்துது. அண்ணியோட தோள் லேசா ஆடினதை அவன் பார்த்தான். அவனுக்குப் பின்னாடி வந்தவங்களும் தகரத்துலயே போட்டாங்க.

சாயங்காலம் அவ வீட்டுச் சோளப் பத்தாயத்தைக் கவுத்தாங்க. மேல ஒரு சாண் சோளம், அடியில பூரா உமி. பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் காட்ட வச்சது. அதைப் பார்த்துட்டும், தலைமை தாங்கின தோழர் வெய் "ஓட்டு போட்டது போட்டதுதான்"னுட்டார். மருமக மூட்டையைக் கட்டிக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிட்டா.

அண்ணியோட நிலத்துல ஒரு துண்டு தேஷானுக்கே வந்துது. அந்த நிலத்தைக் காப்பாத்தணும்னு அவன் மகன் படையில சேர்ந்தான். ரெண்டு வருஷத்துல நாடே அவங்க கைக்கு வந்துடுச்சு. மகன் திரும்பி வரல. தேஷான் தனியா உழுதான். அண்ணி அந்த வழியா போனா தலையைக் குனிஞ்சுக்குவான்.

நீங்க அவன் இடத்துல இருந்து, வீட்டுல பிள்ளைகுட்டியும் இருந்தா, அந்தக் கொட்டையை எந்தக் கிண்ணத்துல போட்டிருப்பீங்க? நல்ல பேருக்காக வேணாம், உள்ளதை உள்ளபடி கீழ எழுதுங்க.