முதல் படகில் வாருங்கள்

சிலி நாட்டின் தென்கோடியிலுள்ள புந்தா அரேனாஸ் துறையில், கப்பலில் வரும் பயணிகளை நம்பிச் சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரில், தேடி வருகிற ஆளை ‘என் வண்டிக்கு வராதீர்கள்’ என்று எழுதித் துரத்துகிற ஒரே பிறவி எடெல்மீரா பார்ரியாதான். எல்லாரையும் துரத்துவதில்லை. பென்குயின் பார்க்க வேண்டும், பழைய கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மணிக்கணக்குப் போட்டு ஒழுங்காகத்தான் பதில் போடுவாள். ஆனால் ‘அந்த ஊரில் எனக்கு ஒருவரைப் பார்க்க வேண்டும்’ என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அவள் பதிலே வேறு.

“கப்பல்காரர்களிடமே ஒரு சுற்றுலாச் சீட்டு வாங்குங்கள். இருப்பதிலேயே மட்டமானதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சீட்டைக் காட்டி முதல் படகில் வாருங்கள். கரையில் கால் வைத்தபிறகு அவர்களுடைய பேருந்தில் ஏறாமல் நழுவிவிடுங்கள்.”

இது தெரிந்த நாளிலிருந்து மற்ற ஓட்டுநர்களுக்கு நல்ல தீனி. நிவால்தோ என்கிறவன் ஆரம்பித்து வைப்பான்.

“என்னக்கா, கப்பல் கம்பெனி உனக்கு மாசச் சம்பளம் குடுக்குதாமே?”

“ஆமாடா, பென்ஷனும் உண்டு. உனக்கும் வேணுமா?”

சிரிப்பார்கள். அவளும் வாயால் சிரித்துவைப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் இதற்கு நேர் எதிர். கப்பல்காரர்களின் சுற்றுலாவைப் போல ஏமாற்று வேலை உலகத்திலேயே இல்லை என்று பேசுவாள். நாற்பது பேரை ஒரே பேருந்தில் அடைத்து, கொடி பிடித்தவன் பின்னால் ஓடவிட்டு, கடை வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பார்கள் என்பாள். அதில் பொய்யும் இல்லை. அவளை நம்பித் தனியாக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு தொல்லைதான். பெரிய கப்பல்கள் துறைமேடைக்கு வராமல் நடுத்தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கப்பலிலேயே சுற்றுலா வாங்கியவர்களுக்கு முதல் படகுகள். மற்றவர்கள் எண் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, தங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். “ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்” என்று எடெல்மீரா எல்லாருக்கும் எழுதுவாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் எழுதிவந்தாள்.

அந்த ஜனவரியில் அவளுடைய சின்னண்ணன் எரிபெர்த்தோவும் அப்படி ஒரு பயணியாக வந்தான்.

அவளுக்கு இரண்டு அண்ணன்மார். பெரியவன் குஸ்தோதியோ நாற்பது வருடம் துறைமுகத்தில் படகோட்டி. சின்னவன் எரிபெர்த்தோ சரக்குக் கப்பல் மாலுமி. அப்பா செத்தபோது எரிபெர்த்தோ ஊரில்தான் இருந்தான். ஆனால் மறுநாள் காலை அவனுடைய கப்பல் புறப்படுகிறது, அடக்கம் மத்தியானம். “அப்பாவை மண்ணுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி நீ கப்பல் ஏறினா, இந்த வாசப்படி மிதிக்காதே” என்றான் குஸ்தோதியோ. எரிபெர்த்தோ ஏறினான். ஏறாவிட்டால் வேலை போயிருக்கும், அவனுக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் இருந்தார்கள், எல்லாம் நியாயம்தான். ஆனால் ஏறினான். பிரேசிலில் சாந்தோஸ் நகரத்தில் குடியேறிவிட்டான். இருபத்தாறு வருடம் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நின்று எடெல்மீரா இருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அவர்களுக்கு மட்டும் வீம்பு அலுக்கவே இல்லை.

பிறகு குஸ்தோதியோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் வாயும் போயின. இடதுகையால் நாற்காலிப் பிடியில் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. அதே வருடம் எரிபெர்த்தோவுக்கு இருதயக் கோளாறு. விமானமே ஏறக் கூடாது என்றார் வைத்தியர். நாலு நாள் பேருந்து என்றால் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவான். ஒருநாள் தொலைபேசியில் கேட்டான்.

“தங்கச்சி, இங்கேருந்து ஒரு உல்லாசக் கப்பல் அங்க வருது. ஏழு மணி நேரம் நிக்குமாம். நான் வந்தா அவன் கதவைத் திறப்பானா?”

“அவனால எந்தக் கதவையும் திறக்க முடியாதுண்ணே. நான்தான் திறக்கணும்.”

“நான் கேட்டது உனக்குப் புரியும்.”

அவளுக்குப் புரிந்தது. அன்று சாயங்காலமே குஸ்தோதியோவின் முன்னால் உட்கார்ந்து, “அவன் வரட்டுமா?” என்று கேட்டாள். கை அசையவில்லை. மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாளும் கேட்டாள். நான்காம் நாள், மாத்தே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் கேட்காமலேயே நாற்காலிப் பிடியில் ஒரு தட்டு விழுந்தது. எடெல்மீரா கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்த ஏழு மணி நேரத்துக்குத் திட்டம் போட்டார்கள். ஊரான் வீட்டு ஆட்களுக்கெல்லாம் ஆயிரம் திட்டம் போட்டவள், சொந்த அண்ணனுக்கு ஒன்று போடுவதற்குள் திணறிப்போனாள். ஒன்பதரைக்குத் துறைமேடை. பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டம், அப்பாவிடம். பதினொன்றுக்கு வீடு. வீட்டுக்கு அவள் ஒதுக்கியது நாற்பது நிமிடம்.

“நாப்பது நிமிஷமா? நான் என்ன மீட்டர் பாக்க வர்ற கரண்ட்காரனா?” என்று கத்தினான் எரிபெர்த்தோ.

“அதுக்கு மேல ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வெச்சா எனக்குப் பயமாருக்கு.”

“அவனுக்குத்தான் வாயே இல்லையே, எப்படிச் சண்டை போடுவான்?”

“அவன் முறைச்சாலே பத்து வார்த்தைக்குச் சமம். மறந்துட்டியா?”

கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முதலில் வீடு, பிறகும் வீடு என்று முடிவானது. கடைசி ஒரு மணி நேரம் மட்டும் அப்பாவுக்கு. கப்பல் புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது எரிபெர்த்தோ இன்னொன்றும் கேட்டான்.

“எதுக்கும் இருக்கட்டும்னு கப்பல்லயே ஏதாவது சுற்றுலாச் சீட்டு ஒண்ணு வாங்கிடட்டுமா? முதல் படகுல விடுவான்.”

“உனக்கென்ன பைத்தியமா? நான் இருக்கும்போது நீ அந்தக் கொள்ளைக்காரங்ககிட்ட சீட்டு வாங்கறதா? ஊரே சிரிக்கும்.”

“நீரிணைக் காத்து ஒன்பது மணிக்கு மேல எந்திரிக்கும் தங்கச்சி. ஜனவரி மாசம்.”

“பத்தொன்பது வருஷமா இதே துறையில நிக்கிறேன். நீ எனக்குக் காத்தைப் பத்திச் சொல்லித்தராதே.”

அவன் சிரித்துக்கொண்டே, “சரி மகாராணி” என்றான். வாங்கவில்லை. பழைய மாலுமி, காற்றைப் பற்றி அவன் சொன்னது சரி. அவள் வாய்க்கொழுப்புத்தான் அவனை மடக்கியது.

அந்த நாள் காலையில் நீரிணை தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. எடெல்மீரா குஸ்தோதியோவுக்குச் சவரம் செய்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டாள். கழுத்துப்பட்டை கட்டட்டுமா என்று கேட்டாள். ஒரு தட்டு. கட்டிவிட்டு நாற்காலியைச் சன்னல் பக்கம் தள்ளினாள். வீடு மேட்டில் இருந்ததால் துறைமேடையும், அதற்கப்பால் நங்கூரமிட்ட வெள்ளைக் கப்பலும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். பக்கத்து வீட்டு அல்தாவிடம் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எட்டு மணிக்கே துறையில் வந்து நின்றாள்.

எட்டரைக்கு முதல் படகு. கொடி பிடித்த பெண்ணின் பின்னால் எல்லாரும் பேருந்துக்குப் போனார்கள். பிறகு இரண்டாவது. மூன்றாவது. எடெல்மீரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எங்கண்ணே இருக்கே?”

“கூடத்துல. கையில முப்பத்தொண்ணாம் நம்பர். இப்பத்தான் பென்குயின் பார்ட்டி இறங்குது.”

“இன்னும் அரை மணி நேரம். அவன் டை கட்டி உக்காந்திருக்கான், தெரியுமா?”

“டையா? குஸ்தோதியோவா?” என்றான்.

நான்காவது படகு கரைக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. அதிலும் பேருந்துக் கூட்டம்தான். அது காலியாகித் திரும்பும்போதே மேற்கிலிருந்து முதல் வீச்சு வந்தது. நிவால்தோவின் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது. கால் மணி நேரத்தில் நீரிணை முழுக்க வெள்ளை நுரை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு வானொலியில் சொன்னார்கள்: சிறு படகுகளுக்குத் துறை மூடல்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ‘துறை மூடல்’ என்கிற இரண்டு வார்த்தை புதிதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கேட்பார்கள், தோளைக் குலுக்கிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். எடெல்மீராவும் எத்தனையோ பயணிகளுக்கு ‘மன்னிக்கவும், காற்று’ என்று எழுதியிருக்கிறாள். அன்றைக்குத் துறை அலுவலகத்து மேசையைப் பிடித்துக்கொண்டு, பழகிய அதிகாரியிடமே கெஞ்சினாள்.

“ஒரே ஒரு ஆளு. இதய நோயாளி. மேட்டுல அவன் அண்ணன் உக்காந்திருக்கான். குஸ்தோதியோவை உங்களுக்குத் தெரியும்.”

“அவரே இந்த நாற்காலியில இருந்தாலும் மூடித்தான் இருப்பாரு எடெல்மீரா. உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

நாலு மணிக்குக் காற்று கொஞ்சம் மூச்சு வாங்கியபோது கதவு ஒரு பக்கம் மட்டும் திறந்தது. கரையில் சிக்கிய சுற்றுலாக்காரர்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போக மட்டும் அனுமதி. யாரையும் இறக்கக் கூடாது. கையில் பென்குயின் பொம்மையோடு, குளிரில் சிவந்த முகத்தோடு, அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு படகில் ஏறினார்கள். அவர்களில் எவருக்கும் இந்த ஊரில் ஒரு ஆளைக்கூடத் தெரியாது. எடெல்மீராவுக்கு அவர்கள் ஒவ்வொருவர் மேலும் ஆத்திரம் வந்தது. பிறகு அந்த ஆத்திரம் திரும்பி வந்து தன் மேலேயே உட்கார்ந்தது.

தொலைபேசி அடித்தது.

“நங்கூரம் எடுக்கறாங்க. சத்தம் கேக்குது” என்றான் எரிபெர்த்தோ.

“அண்ணே, நான்தான்... அந்தச் சீட்டு...”

“விடு. நானும்தான் சரின்னேன். அவன்கிட்ட சொல்லு. நான் வாசல் வரைக்கும் வந்தேன்னு சொல்லு. இந்தத் தடவை நான் கப்பலை விட்டு இறங்கப் பாத்தேன்னு சொல்லு.”

“சொல்றேண்ணே.”

“அவன் என்ன பண்ணினான்னு எனக்கு அப்புறம் சொல்லணும்.”

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குஸ்தோதியோ காலையில் விட்ட இடத்திலேயே இருந்தான். மத்தியானம் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று கிசுகிசுத்துவிட்டு அல்தா போய்விட்டாள். சன்னலில் கப்பல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

எடெல்மீரா அவன் முன்னால் மண்டியிட்டாள்.

“காத்து வந்துடுச்சுண்ணே. துறையை மூடிட்டாங்க.”

இரண்டு தட்டு. பிறகு இடதுகையைத் தூக்கி, நான்கு விரலை விரித்துக் காட்டினான். நாற்பது வருடம் அந்தத் தண்ணீரில் படகோட்டியவன், காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். நான்கு படகு வந்தன. நான்கு படகு நிறைய ஆட்கள் இறங்கினார்கள். தம்பி இறங்கவில்லை.

“அது சுற்றுலாச் சீட்டு வாங்கினவங்களுக்குண்ணே. அவன் வாங்கறேன்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். என் வறட்டு கவுரவம். அவன் மேல தப்பே இல்லை, சத்தியமா என் மேலதான். முப்பத்தொண்ணாம் நம்பர் சீட்டை வெச்சுக்கிட்டு நாள் முழுக்க உக்காந்திருந்தான். கேக்குதா உனக்கு?”

அவன் அவளையே பார்த்தான். வாய் பேசாதவன் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தங்கை தம்பிக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ. நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருடம் அவள் இருவருக்கும் நடுவில் அப்படித்தான் நல்லதாக நாலு பொய் சொல்லி ஒப்பேற்றியிருந்தாள்.

“வாசல் வரைக்கும் வந்தேன்னு சொல்லச் சொன்னான். நம்புறியாண்ணே?”

கை அசையவில்லை. அவள் எரிபெர்த்தோவின் எண்ணைப் போட்டாள்; தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். “நம்புறியா? ஒரு தட்டு தட்டேன். ஒரே ஒரு தட்டு.”

இடதுகை மேலே எழுந்தது. நாற்காலிப் பிடிக்குப் போகவில்லை, கழுத்துக்குப் போயிற்று. கழுத்துப்பட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தான். ஒரு கையால் அவிழுமா அது? இன்னும் இறுகியது. கடைசியில் அவளே அழுதுகொண்டு அவிழ்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வேறு ஒரு துறையிலிருந்து எரிபெர்த்தோ கூப்பிட்டான். குஸ்தோதியோ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

“சொன்னியா?”

“சொன்னேண்ணே.”

“என்ன பண்ணினான்?”

எடெல்மீரா அறைக் கதவைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஒரு தட்டு தட்டினான்” என்றாள்.

மறுமுனையில் எரிபெர்த்தோ குழந்தை மாதிரி அழுவது கேட்டது. “போதும் தங்கச்சி, அது போதும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த மே மாதத்தில் அவனும், ஆகஸ்டில் குஸ்தோதியோவும் போய்ச் சேர்ந்தார்கள்.