குக்கரிலிருந்து ஆறடி தள்ளி

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தியானத்திலோ கனவிலோ கிடைக்கவில்லை. மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்கப் போன கடையில் கிடைத்தது. மூடி இல்லை என்று சொல்வதற்கே அங்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள், குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். குக்கர் மேசைமேல் இருந்தது. அவள் ஃப்ரிட்ஜ்களின் பக்கத்தில் நின்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஆறடி இருக்கும்.

மூடி கிடைக்கவில்லை, கதை கிடைத்தது. வீட்டில் இதைச் சொன்னபோது பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை.

2.

"மாலை வெயில் கடையின் கண்ணாடிக் கதவில் பட்டு —" வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

"ஆழ்ந்த துயரம் குடிகொண்ட அவள் கண்கள் —" பொய். அவள் கண்கள் குக்கரின் வெயிட்* மேல்தான் இருந்தன.

நேராகவே வருகிறேன். கடையில் எல்லோரும் அவளை டெமோ அக்கா என்றார்கள். டெமோ அக்காவுக்குக் குக்கர் என்றால் பயம். வீட்டில் அவள் கணவர்தான் குக்கர் வைப்பார். அது உஸ் என்றதும் இவள் துணி மடிக்கப் போய்விடுவாள். மடிக்கத் துணி இல்லாவிட்டால், மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பாள். (அப்படிப்பட்டவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று கேட்பீர்கள். டிவி பிரிவு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். மறுநாள் கையில் குக்கரைக் கொடுத்துவிட்டார்கள்.)

ஆனால் ஆள் கெட்டிக்காரி. கடையில் இருந்தது மின்சார அடுப்பு. அதன் சுவிட்ச் சுவரில், ஃப்ரிட்ஜ் பக்கத்தில். அங்கேயே நின்றுகொண்டு, "பாருங்க சார், நான் பக்கத்துலகூட நிக்கல. அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்குது. நிம்மதின்னா இதான்!" என்பாள். விசில் வந்ததும் சுவரிலேயே அணைப்பாள். மூடியைத் திறக்க வேண்டிய நேரத்தில், "நீங்களே உங்க கையால திறந்து பாருங்கம்மா" என்று மரியாதை செய்வாள். ஜனங்களும் ரிப்பன் வெட்டுவதுபோல் கௌரவமாகத் திறந்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

\* வெயிட் என்பவர் மூடியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் குட்டையான, கனத்த ஆசாமி. எல்லாப் பிரச்சினைக்கும் அவரே காரணம்.

3.

"இந்த சேஃப்டி வால்வு இருக்கே, ஆவி அதிகமானா இது வழி விட்டுடும். மூடி பறக்கவே பறக்காது. நம்பி வாங்கலாம்." இதை அவள் தினமும் சொன்னாள். கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். சொன்னவள் மட்டும் நம்பவில்லை.

[இந்த இடத்தில் நம்பிக்கை என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்" என்றாள் மனைவி. எடுத்துவிட்டேன்.]

பிறகுதான் சனியன் பிடித்தது. விற்ற குக்கர்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒன்றிலும் ஒரு பழுதும் இல்லை. வாங்கியவர்களுக்குத்தான் கிட்டே போக முடியவில்லை. டெமோ அக்காவிடம் குக்கர் வாங்கியவர்கள், அவள் நின்ற தூரத்தையும் சேர்த்தே வாங்கிப் போயிருந்தார்கள். முதலாளிக்கு விஷயம் மெல்லப் புரிந்தது.

"இன்னொரு குக்கர் திரும்பி வந்துச்சுன்னா, மறுநாள்லேருந்து நீங்க வர வேண்டாம்மா" என்றார்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். குக்கரைத் தவிர அந்தக் கடையில் அவளுக்கு எல்லாமே பிடிக்கும்.

4.

இன்னொன்று திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டும் டிரைவர். அவர் மீசைக்கே தனி டிக்கெட் எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் குக்கர் பெட்டியை உடம்பில் படாமல் இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். மகளின் பிரசவத்துக்காக மனைவி வெளியூர் போயிருந்தார். "என் சாப்பாட்டை நான் பாத்துக்கறேன், போ" என்று வீரமாக அனுப்பிவைத்தவர் இவர்.

"நீங்க காட்டின மாதிரியே தள்ளி நின்னேம்மா. வாசல் வரைக்கும் போய் நின்னேன். விசில் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. அணைக்கணும்னா கிட்டப் போகணுமே! கேஸ் அடுப்புல திருகு குக்கருக்குக் கீழல்ல இருக்கு? கடைசில பக்கத்து வீட்டம்மா வந்து அணைச்சாங்க. உருளைக்கிழங்கு கரியாப் போச்சு, மானம் அதுக்கு முன்னாடியே போச்சு. பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

முதலாளி எழுந்து வந்தார். "ஒரு நிமிஷம் சார். அம்மா, சாருக்குக் கேஸ் அடுப்புலயே செஞ்சு காட்டுங்க." கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்துல நின்னு" என்றார்.

5.

"டெமோ அக்காவின் நெஞ்சில் தைரியம் பொங்கியது. அவள் நிமிர்ந்து —"

"தைரியம் என்ன அடுப்புல வெச்ச பாலா, பொங்கறதுக்கு?" என்றாள் என் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து. "நீங்க என்னைக்காவது குக்கர் பக்கத்துல நின்னிருக்கீங்களா?"

"எல்லாத்தையும் அனுபவிச்சுதான் எழுதணும்னா, கொலைக் கதை எழுதறவங்க என்ன பண்ணுவாங்க?"

"கொலையை அப்புறம் பாக்கலாம். அடுப்புல பருப்பு இருக்கு. போய் நில்லுங்க."

போனேன். நின்றேன். வெயிட் லேசாக —

(அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது வரவேற்பறை நாற்காலி.)

நாற்காலியில் உட்கார்ந்து வேறொரு முடிவு எழுதினேன். அதில் டெமோ அக்கா ஓடுகிறாள். கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வேலையை விட்டே ஓடுகிறாள். தங்குதடையில்லாமல் எழுத வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துப் போட்டேன்.

6.

ஆகவே நடந்திருக்கக்கூடியதை அப்படியே சொல்கிறேன்.

விற்பனைக்கு இருந்த கேஸ் அடுப்பு ஒன்றைச் சிலிண்டரில் மாட்டி மேசைமேல் வைத்தார்கள். அவள் தண்ணீர் ஊற்றி, உருளைக்கிழங்கு போட்டு, மூடி, கேஸைப் பற்றவைத்தாள். கால் தானாகப் பின்னால் போனது. பழகிய கால். ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினால், அங்கே ஏற்கெனவே டிரைவர் நின்றிருந்தார். அவள் தினமும் நிற்கும் அதே இடத்தில், அவள் நிற்பதுபோலவே, ஒரு காலைக் கடைக்குள்ளும் ஒரு காலை வாசலுக்குத் தோதாகவும் வைத்து நின்றிருந்தார். தான் பார்ப்பதற்கு எப்படி இருந்திருப்போம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"சார், அது என் இடம்" என்றாள்.

"என்னம்மா?"

"நீங்க நிக்கிறது என் இடம். எனக்கும் இதைப் பாத்தா பயம்தான். அதான் எப்பவும் அங்க நிப்பேன்."

முதலாளிக்கு இருமல் வந்தது.

"அப்ப அந்த வால்வு, அது இதுன்னு சொன்னதெல்லாம்?"

"அது சத்தியமா உண்மை சார். நான்தான் நம்பல." வாங்கிய அன்று அவர் தன் வேலையைச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "நீங்க எப்படி சார் அவ்ளோ பெரிய பஸ்ஸை மலையிலேருந்து இறக்குறீங்க?"

"ப்ரேக் இருக்குல்ல?"

"பயமே இல்லையா?"

டிரைவர் மீசையைத் தடவி யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒவ்வொரு வளைவுலயும் இருக்கும்மா. பின்னாடி ஒரு வண்டி ஜனம் தூங்கிக்கிட்டு வருது. ப்ரேக்கை நம்பி, கடவுளை நம்பித் திருப்ப வேண்டியதுதான்."

"அப்ப வாங்க சார். இந்த வளைவையும் திருப்பிடுவோம்."

சொல்லிவிட்டு அவள் அடுப்பின் பக்கத்தில் போய் நின்றாள். டிரைவரும் வந்தார், கல்யாண வீட்டில் மொய் எழுத வருபவரைப்போல் தயங்கித் தயங்கி. வந்தவர் மேசை விளிம்பை ஸ்டியரிங்போல் பிடித்துக்கொண்டார். அவள் திருகின்மேல் விரலை வைத்தாள். வெயிட் ஆடத் தொடங்கியது. முதலாளி ஏதோ விலை பார்க்கிறவர்போல வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனார்.

இருவரும் நகரவில்லை.

7.

இதற்குமேல் என்னால் முடியாது. விசிலை எழுதும் இடம் வந்தால் நான் நாற்காலிக்கு ஓடிவிடுவேன் என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் இருவரையும் பாதியில் விட்டுவிட்டு ஓட எனக்கு மனம் இல்லை.

அதனால் விசிலை உங்களிடம் விடுகிறேன். உதட்டைக் குவித்து, நீங்களே அடிக்க வேண்டும். நீங்கள் அடிக்கும்வரை வெயிட் ஆடிக்கொண்டே இருக்கும், அவர்களும் நின்றுகொண்டே இருப்பார்கள். ரொம்ப நேரம் காக்க வைக்காதீர்கள், டிரைவர் வண்டி எடுக்க வேண்டும். யாராவது "என்ன சத்தம்?" என்று கேட்டால், கதை படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் மெதுவாக அடியுங்கள். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் தடவை.