பைன் நாற்று

காஷ்மீர் மலைப்பாதையில் மண் சரிந்தபோது பூபாலன் டீ குடிக்க இறங்கியிருந்தான். லாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பாண்டியன் பிழைத்துக்கொண்டான். பல வருஷம் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். மண்ணில் புதைந்த பூபாலனின் தகனம் அங்கேயே முடிந்தது. பாடியிலிருந்த வீட்டுக்குத் திரும்பிய பாண்டியன் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாங்காட்டிலிருந்த பூபாலனின் மனைவி சாவித்திரியைப் போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

பாண்டியனின் பையைத் துவைக்க எடுத்த அவன் மனைவி வனஜா, அடியில் கிடந்த பைன் காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். தன் மகளுக்காகப் பூபாலன் பொறுக்கி, இவன் பையில் போட்டுவைத்தது. மொட்டைமாடி வெயிலில் அது செதில் செதிலாக விரிந்து, மெல்லிய இறகு ஒட்டிய விதைகளை உதிர்த்தது.

முதலில் விதைத்தவை அழுகிப்போயின. கொஞ்ச நாள் குளிரில் வைத்துப் பார்க்கச் சொன்னார் நர்சரிக்காரர். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"துன்ற பொருள் வைக்கிற எடத்துல இன்னாய்யா இது?" என்றாள் வனஜா. அவன் முகத்தைப் பார்த்ததும் மாவுப் பாத்திரத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

மணலில் ஊன்றியபின், விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே நாற்றுகள் எழுந்தன. பிறகு ஒவ்வொன்றாக அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. ஒன்றுதான் நின்றது. அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாங்காட்டுக்கு பஸ் ஏறினான்.

"இன்னா தம்பி இது?" கதவைத் திறந்த சாவித்திரி கேட்டாள்.

"பைன் மரம் அண்ணி. அண்ணன் பாப்பாவுக்குன்னு பொறுக்குன காயிலருந்து வந்துச்சி."

"நம்ம வெயிலுக்கு நிக்குமா?"

"சந்தேகந்தான். உயிரோட கீறப்பவே காட்டிடலாம்னு எடுத்துகினு வந்தேன்."

அவள் தொட்டியை வாங்கி நிழலில் வைத்தாள். ஊசி இலைகளை விரலால் தடவினாள்.

"எத்தினியோ பேர் வந்தாங்கோ. அன்னிக்கி இன்னா நடந்துச்சின்னு ஒருத்தரும் சொல்லல. கூட இருந்தவன் நீதான். உன்னத்தான் பாத்துகினு இருந்தேன்."

பாண்டியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டு விழித்தது, வெறுங்கையால் மண்ணைத் தோண்டியது, கிடைத்தபோது அண்ணன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாதது, எல்லாம் சொன்னான். கடைசி வரை கேட்ட பிறகுதான் அவள் அழுதாள்.

செடி கத்திரி வெயிலைத் தாண்டவில்லை. சாவித்திரியே போன் செய்தாள்.

"காஞ்சி பூட்ச்சி தம்பி."

அவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. நைனா கதை சொல்ல சித்தப்பா எப்ப வருவார்னு பாப்பா கேட்டுகினே கீறா."

பாண்டியன் போனான்.